எட்டரைக்கு முன், நாலுக்குப் பின்

வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 முதல் ஒரு புதிய கட்டணத்தை வசூலிக்கத் தொடங்கியது. காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும் பயணி ஊருக்குள் நுழைய ஐந்து யூரோ கட்ட வேண்டும். முதல் ஆண்டில் 29 நாட்களுக்குச் சோதனையாக நடந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை, பெரும்பாலும் வார இறுதிகளும் விடுமுறை நாட்களுமாக, 54 நாட்களுக்கு நீண்டது. கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு ஐந்து, பத்தாக உயர்ந்தது. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. இந்த அறிவிப்பு வந்தபோது எல்லோரும் ஐந்து யூரோவைப் பற்றித்தான் பேசினார்கள். பயணம் திட்டமிடுகிறவர் அதில் கவனிக்க வேண்டிய வாக்கியம் வேறொன்று. கட்டணம் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைக்கு மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உள்ளே போகலாம். ஊர் எப்போது திணறுகிறது, எப்போது மூச்சு விடுகிறது என்பதை நகராட்சியே மணி குறித்து எழுதிக் கொடுத்துவிட்டது. வெனிஸுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே கிளைக்கிறது: அந்த ஏழரை மணி நேரத்துக்குள் மட்டும் போய்விட்டு வராதீர்கள், தீவிலேயே மூன்று இரவு தங்குங்கள், முடியாதென்றால் இந்த முறை வெனிஸை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போங்கள்.

கடைசி வாக்கியம் கடுமையாகத் தோன்றலாம். நம் ஊரிலிருந்து கிளம்பும் ஐரோப்பியக் குழுப் பயணங்களில் வெனிஸ் எப்படி வருகிறது என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும். முந்தின இரவு தங்குவது நிலப்பக்கத்தில் உள்ள மெஸ்த்ரேயிலோ, இன்னும் தள்ளி பாதுவாவிலோ. காலைச் சாப்பாடு முடிந்து பேருந்தில் திரொங்கெத்தோ படகுத் துறை. அங்கிருந்து விசைப்படகில் சான் மார்கோ சதுக்கம். கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்றில் அரை மணி, சதுக்கத்தில் குழுப் படம், விருப்பமுள்ளவர்களுக்குக் கோண்டோலா, கடைவீதியில் ஒரு மணி நேரம், திரும்பவும் படகு. பத்தரைக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிந்துவிடும். ஒரு நாளில் ஊர் மிக மோசமாக இருக்கும் மூன்றரை மணி நேரத்தைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் திட்டம் இது. அப்படிப் போய்வந்தவர்கள் 'ஒரே கூட்டம், தண்ணீர் நாற்றம், காபி கொள்ளை விலை' என்று சொன்னால் அது பொய்யல்ல. அவர்கள் பார்த்தது அதைத்தான்.

கூட்டம் ஏன் இப்படி நெரிகிறது என்பதற்கு ஊரின் அமைப்பே காரணம். வெனிஸ் கடலில் மிதக்கும் ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சரியாகச் சொன்னால் அது ஒரு காயலுக்குள் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சின்னத் திட்டுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. (காயல் என்ற சொல்லுக்கும் வெனிஸுக்கும் பழைய உறவு உண்டு. 1295இல் ஊர் திரும்பிய வெனிஸ் வணிகர் மார்கோ போலோ தன் பயண நூலில் 'காயில்' என்று குறிப்பிடும் துறைமுகம் தாமிரபரணி முகத்துவாரத்தின் பழையகாயல்தான் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு காயல் ஊர்க்காரர் இன்னொரு காயலுக்கு வந்து போயிருக்கிறார்.) நிலப்பக்கத்திலிருந்து வெனிஸுக்கு வரும் வழி ஒன்றே ஒன்று: 1846இல் கட்டிய ரயில் பாலமும், அதை ஒட்டி 1933இல் வந்த சாலைப் பாலமும். ரயில் நிற்கும் சாந்தா லூச்சியா, பேருந்து நிற்கும் பியாட்ஸாலே ரோமா இரண்டும் ஊரின் மேற்கு நுனியில் இருக்கின்றன. எல்லோரும் பார்க்க விரும்பும் சான் மார்கோ தென்கிழக்கில். நடுவில் பெருங்கால்வாயைக் கடக்க ரியால்டோ பாலம். ஆக, காலையில் இறங்கும் அத்தனை ஆயிரம் பேரும் ஒரே இடங்களை, ஒரே இரண்டு பாதைகளில், இரண்டு பேர் தோள் உரசாமல் கடக்க முடியாத சந்துகள் வழியாக அடைகிறார்கள். இந்த நெரிசல் ஊர் முழுக்கக் கிடையாது. அந்தப் பாதையிலும் அந்த நேரத்திலும்தான். நண்பகலில்கூட கன்னரேஜோ பேட்டையின் வடகரைக்கோ, கஸ்தெல்லோ பேட்டையின் கிழக்கு மூலைக்கோ போனால் துணி காயும் கொடியும் பந்து விளையாடும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

பாதையை மாற்றினால் மட்டும் போதாதா, தங்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். போதாது. வெனிஸின் மிகச் சிறந்த காட்சிகள் அந்த நெரிசல் பாதையிலேயேதான் இருக்கின்றன. சான் மார்கோ சதுக்கத்தைத் தவிர்த்துவிட்டு வெனிஸைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அதைப் பார்க்க வேண்டிய நேரம் காலை ஆறரை. அப்போது சதுக்கத்தில் கூட்டுகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மட்டும் இருப்பார்கள். தேவாலயத்தின் முகப்பில் உள்ள பொன்னிற மொசைக் வளைவுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தாலும் யார் மேலும் இடிக்காது. வடக்கு மூலை வளைவில் உள்ள மொசைக்கை மட்டும் நின்று பாருங்கள். புனித மாற்குவின் உடலை இதே தேவாலயத்துக்குள் கொண்டு செல்லும் காட்சி அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த முகப்பு எப்படி இருந்தது என்பதை இந்த முகப்பே தன்மேல் எழுதி வைத்திருக்கிறது. கூட்டத்தின் நடுவே இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போவதற்குத்தான் காலை ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும், சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துக்கொண்டால் நீண்ட வரிசையைத் தவிர்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பெரிய முதுகுப்பையை உள்ளே விட மாட்டார்கள்.

அதே காலை நேரத்தில் ரியால்டோவுக்கு நடந்தால் இந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பது கண்முன் விரியும். தீவுக்குள் லாரி கிடையாது, மிதிவண்டிகூடக் கிடையாது. அரிசி, பால், சிமெண்ட், சலவைக்குப் போகும் விடுதிப் படுக்கை விரிப்பு, குப்பை எல்லாமே படகில்தான். படகிலிருந்து இறக்கிய சரக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாலங்களின் மேல் கொண்டு போகிறார்கள். அந்தத் தள்ளுவண்டியைக் கவனியுங்கள்: பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு சின்னச் சக்கரம். படிக்கட்டு வந்ததும் முன்சக்கரத்தை மேல்படியில் ஊன்றி, பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக உந்தி ஏற்றுவார்கள். நூற்றுக்கணக்கான பாலங்களோடு தினமும் மல்லுக்கட்டும் ஊர் கண்டுபிடித்த வண்டி அது. சந்தையின் மீன் பகுதி செவ்வாய் முதல் சனி வரை காலையில் மட்டும். ஞாயிறும் திங்களும் மீன் இருக்காது என்பதை வைத்தே பயண நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே சுவரில் ஒரு பழைய சலவைக்கல் பலகை உண்டு. எந்த மீன் எந்த நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள்: மத்தி ஏழு சென்டிமீட்டர், விலாங்கு இருபத்தைந்து, சிப்பி ஐந்து. குஞ்சு மீனைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் காயல் மலடாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எட்டரைக்குப் பிறகு என்ன செய்வது? தங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி இங்கேதான். காலையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பிச் சாப்பிடலாம், மதியம் சற்றுப் படுக்கலாம். அல்லது கூட்டம் உள்ளே வரும்போது வெளியே போகலாம். ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகு காயலின் வடபகுதிக்குப் போகிறது. வண்ண வீடுகளுக்காக எல்லோரும் இறங்கும் புரானோவும் நண்பகலில் நெரிசல்தான். அங்கிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள தோர்செல்லோவுக்கு நேரே போய்விடுங்கள். வெனிஸ் வெனிஸாகும் முன்பே செழித்த ஊர் அது. அதன் தேவாலயம் 639இல் நிறுவப்பட்டது. பிறகு காயல் தூர்ந்தது, மலேரியா வந்தது, சனம் வெளியேறியது, விட்டுப்போன கட்டடங்களின் கற்களைப் பெயர்த்து வெனிஸ் கட்டினார்கள். இன்று ஒரு வாய்க்கால், ஒரு மண்பாதை, விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். தேவாலயத்தின் மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக், எதிரே பொற்பரப்பில் தனியாக நிற்கும் மரியாள். ஒரு நகரம் நீரோடு உறவு கெட்டால் என்ன ஆகும் என்பதைத் தோர்செல்லோ போல வேறெதுவும் காட்டாது. வெனிஸ் ஐநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆறுகளின் முகத்தைத் திருப்பிவிட்டு வண்டல் படியாமல் பார்த்துக்கொண்டதன் பின்னணியும் இதுதான்.

தீவிலேயே இருந்தால் நடுப்பகலுக்கு சான் ரோக்கோ மன்றம். தின்தொரெத்தோ 1564 முதல் 1587 வரை விட்டு விட்டு வரைந்து நிரப்பிய கூரையும் சுவரும் அங்கே இருக்கின்றன. கழுத்து வலிக்காமல் பார்க்கக் கையில் ஏந்தும் கண்ணாடி தருவார்கள். அடுத்த சதுக்கத்தில் பிராரி தேவாலயத்தில் தித்சியானோவின் பெரிய பலிபீட ஓவியம். இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும்போது ஏதாவதொரு முற்றத்தில் நடுவே உள்ள கல்கிணற்றின் பக்கத்தில் சற்று நில்லுங்கள். இந்தக் கிணறுகளில் ஊற்று கிடையாது. முற்றத்தின் அடியில் பெரிய குழி தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் உள்ள துளைக்கற்கள் வழியாக மழைநீர் இறங்கி, மணலில் வடிந்து, நடுவில் உள்ள செங்கல் குழாயில் சேரும். 1884இல் நிலப்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை உப்பு நீருக்கு நடுவே இவ்வளவு பெரிய ஊர் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி வைத்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தத் துளைக்கற்களைப் பார்த்ததும் மற்றது விளங்கிவிடும். இன்று அதே முற்றங்களில் குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நல்ல தண்ணீர், பாட்டில் வாங்க வேண்டாம்.

மாலை நாலு மணிக்கு மேல் கூட்டம் ரயில் நிலையத்தை நோக்கி வடியத் தொடங்கும். ஊர்க்காரர்கள் வெளியே வரும் நேரம் அதுதான். பாக்கரோ எனப்படும் சின்ன ஒயின் கடைகளில் நின்றபடியே சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கும் சிக்கெத்தி, அதாவது ரொட்டித் துண்டின் மேல் ஏதாவதொன்று, ஒவ்வொன்றும் சில யூரோதான். மூன்று நான்கு எடுத்துக்கொண்டால் இராச் சாப்பாடு ஆயிற்று. காபியும் அப்படியே: மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. இது ஏமாற்று கிடையாது, விலைப் பட்டியலிலேயே போட்டிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிகோலி இன் சால்சா என்ற பாஸ்தா பார்வைக்கு வெங்காயக் குழம்பு போலத்தான் இருக்கும். உள்ளே கரைந்திருப்பது உப்பிட்ட நெத்திலி வகை மீன். ரிசோத்தோவில் மாமிசச் சாறு கலந்திருக்கலாம். கேட்டுவிட்டே வாங்குங்கள். காயலில் உள்ள சாந்த் எராஸ்மோ தீவின் காய்கறிகள் வசந்த காலத்தில் சந்தைக்கு வரும். அங்கத்திய ஆர்டிசோக் மொட்டு ஊர்க்காரர்களே காத்திருந்து வாங்கும் பண்டம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு சார்தே இன் சாவோர்: பொரித்த மத்தியை வதக்கிய வெங்காயத்திலும் வினிகரிலும் ஊறவைத்து உலர்திராட்சையும் பைன் பருப்பும் சேர்த்தது. கப்பலில் நாள்கணக்கில் கெடாமல் இருக்கக் கடலோடிகள் கண்டுபிடித்த பக்குவம். சாப்பிட்ட பிறகு ரயில் நிலையத் துறைக்குப் போய் 1ஆம் எண் படகில் ஏறி, பெருங்கால்வாய் முழுக்க சான் மார்கோ வரை முக்கால் மணி நேரம் பயணம் செய்யுங்கள். பகலில் நின்றுகொண்டே நசுங்கும் அதே படகில் இரவு ஒன்பதுக்கு வெளி இருக்கை கிடைக்கும். அரண்மனைகளின் முதல் மாடியில் விளக்கு எரியும் வீடுகளின் ஓவியக் கூரைகள் தண்ணீரிலிருந்து தெரியும். வெனிஸில் இதைவிடச் சிறந்த ஒரு மணி நேரம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

தங்கச் சொன்னால் வரும் முதல் ஆட்சேபம் செலவு. தீவில் அறை வாடகை அதிகம், மெஸ்த்ரேயில் பாதி விலையில் கிடைக்கும், ரயிலில் பத்தே நிமிடம்தானே என்பார்கள். மெஸ்த்ரே அதே நகராட்சிக்குள் இருப்பதால் அங்கே தங்குகிறவருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதும் உண்மை. (எங்கே தங்கினாலும் கட்டண நாட்களில் விலக்குச் சீட்டை இணையத்தில் பதிவு செய்து கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும்.) ஆனால் அந்தப் பத்து நிமிடக் கணக்கு நிலையத்திலிருந்து நிலையத்துக்கு. விடுதியிலிருந்து நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கி, மீண்டும் சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் படகிலோ நடந்தோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். விடியலில் சதுக்கத்தில் நிற்க ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும், யாரும் கிளம்புவதில்லை. நடுப்பகலில் ஓய்வெடுக்கத் திரும்ப முடியாது. மெஸ்த்ரே வாடகை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பகல் பயணிகளின் கூட்டத்தில் நம்மையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பணத்தை வேறு விதத்தில் மிச்சம் பிடியுங்கள். திருவிழாக் காலமான பிப்ரவரி கார்னிவல், ஜூலை மூன்றாம் வாரத்து ரெதென்தோரே விழா, ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் திரைப்பட விழா ஆகியவற்றைத் தவிர்த்து, நவம்பரிலோ ஜனவரியிலோ போனால் தீவிலேயே வாடகை வெகுவாக இறங்கிவிடும். ஜுதெக்கா தீவு, கிழக்குக் கஸ்தெல்லோ, சாந்தா குரோச்சே பக்கங்களில் சிறு விடுதிகள் உண்டு. கன்னிமடங்களும் துறவுச் சபைகளும் நடத்தும் எளிய, சுத்தமான தங்குமிடங்களும் உண்டு. வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்குச் சில யூரோ தங்கல் வரி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

படகுச் செலவிலும் கணக்குப் பார்க்க வேண்டும். 75 நிமிடத்துக்கான ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ, மூன்று நாள் சீட்டு 45 யூரோ என்பது அண்மை நிலவரம். ஐந்து தடவை ஏறினாலே மூன்று நாள் சீட்டு லாபம். 6 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களுக்கு ரோலிங் வெனிஸ் என்ற ஆறு யூரோ அட்டை வாங்கினால் அதே மூன்று நாள் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். கல்லூரிப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையில் உள்ள கருவியில் சீட்டைத் தொட்டுவிட வேண்டும். கையில் செல்லுபடியான சீட்டு இருந்தும் தொடாமல் ஏறினால் அபராதம் விழும். இந்தச் சீட்டு விமான நிலையப் படகுக்குச் செல்லாது. மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து மலிவான வழி 5ஆம் எண் நகரப் பேருந்தில் பியாட்ஸாலே ரோமா. கோண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. இது படகுக்கான விலை, ஆளுக்கானது அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் விலையையும் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வளவு செலவிட மனமில்லாதவர்கள் ரியால்டோ சந்தையருகே சாந்தா சோஃபியா துறையில் இரண்டு யூரோ கொடுத்துப் பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கலாம். கோண்டோலா போன்ற பெரிய ஓடம், இரண்டு துடுப்புக்காரர்கள், மூன்று நிமிடம். சந்தைக்குப் போகும் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் பரிசல் துறை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. வாழ்நாளில் ஒரு முறை போகிறோம். விசா, விமானம், இன்சூரன்ஸ் என்று லட்சங்கள் செலவு. ஒரே ஊரில் மூன்று இரவைக் கழித்தால் மற்ற ஊர்களை எப்போது பார்ப்பது? சம்பாதித்துச் சேர்த்த பணம் பற்றிய நியாயமான கவலை இது. ஆனால் எண்ணிப் பாருங்கள். பத்து நாளில் ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும், ஆறு பாதி நாட்கள் பேருந்தில் போகும், மிஞ்சுவது ஊருக்கு ஒரு நண்பகல். எல்லா ஊரிலும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தையே காசு கொடுத்து வாங்குகிறோம். அதே பத்து நாளில் வெனிஸ் மூன்று, ஃபுளோரன்ஸ் மூன்று, ரோம் நான்கு என்று பிரித்தால் இரண்டே இடமாற்றம்: வேக ரயிலில் வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை. விசா மனுவும் எளிது. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் மனு கொடுக்க வேண்டும் என்பதால் குழப்பமில்லாமல் இத்தாலி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மற்ற நாடுகள் விட்டுப்போகும்தான். அதை இழப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஏழு ஊரை எட்டிப் பார்ப்பதில் உள்ள இழப்பு அதைவிடப் பெரிது என்பதே என் பதில். ஐரோப்பாவிலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இந்தச் சிக்கலே இல்லை. சூரிச்சிலிருந்து நேரடி ரயில் உண்டு, பிள்ளைகளின் இலையுதிர் கால விடுமுறை வெனிஸுக்கு மிகப் பொருத்தமான பருவம்.

வயதானவர்களோடு போகிறவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பாலம் என்றால் ஏறி இறங்கும் படிக்கட்டு. பத்து நிமிட நடையில் ஐந்தாறு பாலம் வந்துவிடும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு அது பெரும்பாடு. இதற்கு ஒரே தீர்வு அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது: படகுத் துறையிலிருந்து விடுதிக்கு எத்தனை பாலம்? 'ஒன்றுமில்லை' என்று பதில் வரும் இடம் மட்டும் வேண்டும். விடுதியில் மின்தூக்கி உண்டா என்பதும் அதே அளவு முக்கியம். பழைய வீடுகள் பலவற்றில் கிடையாது. துறைக்கு அருகில் தங்கினால் படகிலேயே பெரும்பகுதி ஊரைப் பார்க்கலாம், சக்கர நாற்காலியோடும் ஏறலாம். அப்போதும் கடினம் என்றால் காரும் பேருந்தும் ஓடும் லீதோ தீவில் தங்கி, கால் மணி நேரப் படகுப் பயணத்தில் சான் மார்கோவுக்கு வரலாம். முட்டிவலி உள்ளவருக்கு மெஸ்த்ரேயைவிட லீதோ எவ்வளவோ மேல். வழி தேடுவதிலும் ஒரு சிரமம் உண்டு. முகவரியில் தெருப் பெயர் இருக்காது. பேட்டையின் பெயரும் ஆயிரக்கணக்கில் ஒரு எண்ணும் மட்டும். கைப்பேசி வரைபடம் ஒடுங்கிய சந்துகளில் தடுமாறும். விடுதியிடம் கேட்டு, துறையிலிருந்து வரும் வழியை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றிய பயம் இப்போது பெருமளவு தேவையில்லை. 2019 நவம்பர் 12 இரவு நீர் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. 1966க்குப் பிறகு அதுவே மிக மோசம். ஆனால் 2020 அக்டோபர் 3 முதல் காயலின் மூன்று வாய்களில் மோஸே தடுப்புகள் இயங்குகின்றன. கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளில் காற்றடைத்து எழுப்பிக் கடலை வெளியே நிறுத்துகிறார்கள். 110 சென்டிமீட்டருக்கு மேல் வரும் என்று கணித்தால்தான் எழுப்புவது வழக்கம். ஊரிலேயே தாழ்வான சான் மார்கோ அதற்குக் குறைந்த மட்டத்திலேயே நனையும். தேவாலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். நவம்பரில் போகிறவர் இரண்டு மூன்று மணி நேரம் சதுக்கத்தில் தண்ணீர் நிற்கலாம் என்று எதிர்பார்த்துக்கொண்டால் போதும்; மரப்பலகை நடைபாதை போடுவார்கள், நீர் தானே வடியும். அஞ்ச வேண்டிய பருவம் ஜூலை, ஆகஸ்ட்தான்: புழுக்கம், கொசு, வற்றிய வாய்க்கால் வாடை, உச்ச வாடகை நான்கும் சேர்ந்து வரும். நம் பள்ளிக் கோடை விடுமுறை ஏப்ரல் நடுவிலேயே தொடங்குவது ஒரு வசதி. ஈஸ்டர் வாரத்தையும் ஏப்ரல் 25 விடுமுறையையும் தள்ளிப் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசி ஆட்சேபம் மனசாட்சி சம்பந்தப்பட்டது. 1951இல் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் பயணிகளுக்கான வாடகை அறைகளாக மாறியது இதற்கு ஒரு பெரிய காரணம். அப்படியிருக்க, தங்குங்கள் என்று சொல்வது அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றுவது ஆகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தங்குகிறவர் வரி கட்டுகிறார், ஊர்க் கடையில் சாப்பிடுகிறார், சந்தையில் பழம் வாங்குகிறார். மூன்றரை மணி நேரப் பயணி தள்ளுமுள்ளையும் குப்பையையும்தான் விட்டுப் போகிறார். அந்த அளவில் தங்குவது நல்லது. எங்கே தங்குகிறோம் என்பதில்தான் நம் பொறுப்பு இருக்கிறது. ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கக்கூடிய முழு வீட்டை எடுக்காமல், விடுதியாகவே கட்டிய இடத்தையோ, மடத்துத் தங்குமிடத்தையோ, உரிமையாளர் உடன் வசிக்கும் வீட்டில் ஓர் அறையையோ எடுங்கள். குறுகிய கால வாடகை வீடுகள் தேசிய அடையாள எண்ணை விளம்பரத்திலும் வாசலிலும் காட்ட வேண்டும் என்று இத்தாலி சட்டம் போட்டு, 2025 முதல் அமல்படுத்துகிறது. அந்த எண் இல்லாத இடத்தைத் தொடவே வேண்டாம். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்காமல் வலப்பக்கமாக நடப்பது, படகில் முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைப்பது, சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்காமல் இருப்பது போன்றவை சிறியவைதான். அவற்றை மீறுவோருக்கு அபராதம் உண்டு என்பதற்காக மட்டும் இல்லாமல், அந்தப் பாலத்தின் மறுபக்கம் யாரோ ஒருவர் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதற்காகவும் கடைப்பிடிக்க வேண்டும்.

நான்காம் நாள் கிளம்பும்போது ரயிலை ஒன்பதரைக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குத் துறைக்கு வந்து 1ஆம் எண் படகில் ஏறினால், நிலையத்தை நோக்கிப் போகும் படகு பாதி காலியாக இருக்கும். பெட்டி வைக்கவும் இடம் உண்டு. நடந்தே போக விரும்புகிறவர்களுக்குச் சுவரில் மஞ்சள் பலகைகள் வழி காட்டும்: 'அல்லா ஃபெரோவியா', ரயிலடிக்கு. நிலையத்துப் படிகளை நீங்கள் ஏறும்போது அன்றைய முதல் பெருங்கூட்டம் அதே படிகளில் இறங்கிக்கொண்டிருக்கும். கடிகாரத்தில் எட்டரை ஆகியிருக்கும்.